லேபிளில் அடைத்துப் போன மூன்று சுழி ண: எழுத்துரு வடிவமைப்பை முதுநிலையாகப் படிக்கலாமா?

நூலெழுத்து, திருப்பூர் (திங்கள், இரவு 10.15)

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு லேபிள் யூனிட்டில் மூன்று வருடமாக டிசைனராக வேலை பார்க்கிறேன். விஸ்காம் படித்தவள், வயது 24. எழுத்துரு வடிவமைப்பை முதுநிலையாகப் படிக்க ஆசை. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கும் நெய்த லேபிள்தான் எங்கள் யூனிட்டின் வேலை. பெரும்பாலும் ஏற்றுமதி, ஆகவே ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும்தான் ஓடும். போன ஆடியில் உள்ளூர்க் கம்பெனி ஒன்று சலவைக் குறிப்பைத் தமிழில் கேட்டது. ‘வண்ணத் துணிகளுடன் சேர்க்க வேண்டாம், வெந்நீரில் ஊற வைக்க வேண்டாம்’ என்று இரண்டு வரி. கம்ப்யூட்டரில் இருந்த ஒரு தமிழ் ஃபாண்டைப் போட்டு அனுப்பிவிட்டேன். தறியிலிருந்து மாதிரி வந்தபோது வயிறு கலங்கிவிட்டது. மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்றே தெரியவில்லை. இரண்டும் கட்டியாக அடைத்துக் கிடந்தன. ‘வேண்டாம்’ என்பதன் புள்ளி மகரத்தோடு ஒட்டிப் போயிருந்தது. அதே உயரத்தில் பக்கத்தில் இருந்த ஆங்கில வரி பளிச்சென்று இருந்தது.

தறி தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நெய்த லேபிளில் எழுத்து என்பது குறுக்கு நூலான ஊடை எங்கே மேலே தெரிகிறது, எங்கே நெடுக்கு நூலான பாவுக்குள் மறைகிறது என்பதுதான். ஒவ்வொரு நூலும் ஒரு கட்டம். இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் ஆங்கில எழுத்துக்கு அந்தக் கட்டங்கள் போதும். ‘ண’வுக்கோ மூன்று சுழி வேண்டும், சுழிகளுக்கு நடுவே வெளியும் வேண்டும். வெளிக்கு நூல் மிச்சமில்லை.

கட்டம் போட்ட நோட்டை வைத்துக்கொண்டு மூன்று இரவு வரைந்தேன். ‘ண’வை அகலமாக்கினேன். முதல் சுழியை முழுக்க மூடாமல் திறந்து விட்டேன். புள்ளியை ஒரு நூல் மேலே தூக்கினேன். இரண்டாவது மாதிரி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் அம்மிச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடங்கல் இல்லாமல் வாசித்தார். இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இங்கிலாந்தில் ரெடிங், நெதர்லாந்தில் ஹேக் என்று இரண்டு இடங்களைச் சொல்கிறார்கள். தமிழ் எழுத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா? இங்கேயே வழி உண்டா? விண்ணப்பத்தோடு என்ன மாதிரி வேலைகளைக் காட்ட வேண்டும்? அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பெயர் எழுதியவர். ஸ்டிக்கர் வந்த பிறகு பிரஷ்ஷை வைத்துவிட்டார். “எழுத்து எழுதி நான் பட்டது போதாதா அம்மணி” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

கோவை_கோடர் (திங்கள், இரவு 11.02)

படிப்புக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்பேன். எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜ் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கிளிஃப்ஸ் நல்ல மென்பொருள், ஆனால் அதற்கு மேக் வேண்டும்.

எந்திரப் பக்கத்தைச் சொல்கிறேன், அது புரிந்தால் பாதி பயம் போய்விடும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128, அதில் நிரம்பியவை 72. நம்முடைய 247 எழுத்தும் அந்த 72க்குள் இருந்தே பிறந்தாக வேண்டும். ‘கொ’ என்று அடித்தால் உள்ளே போவது ககரமும் ஒகரக் குறியும் மட்டும். திரைக்கு வரும்போது ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள் அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. அதற்காகத் தனியாக எதையும் வரைய வேண்டாம்.

உகரமும் ஊகாரமும் அப்படி விடாது. கு, சு, து, மு, ணு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகின்றன. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம் தனியாக வரைந்தே ஆக வேண்டும். டி, டீ தனி. கிரந்த எழுத்துகள், க்ஷ, ஸ்ரீ தனி. தமிழ்ப் பகுதி மட்டுமே நூற்றைத் தாண்டும். அப்புறம் ஆங்கிலம், எண்கள், நிறுத்தக் குறிகள். ஒரு வருடத்துச் சனி, ஞாயிறுகளில் முடிக்கக்கூடிய வேலைதான். ஓ.எஃப்.எல். என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்துவார்கள், உங்கள் பெயரும் நிற்கும். இதற்காகக் கடன் வாங்கி இங்கிலாந்து போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

ஈயக்காலம், ஈரோடு (செவ்வாய், காலை 6.20)

அம்மணி, உன் லேபிள் கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் 1976ல் ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் அச்சுக் கோக்கச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. எட்டு பாயிண்ட் எழுத்தைக் கோத்து நியூஸ்பிரிண்ட்டில் ஓட்டினால் மை பரவும். முதலில் அடைத்துக்கொள்வது உன் மூன்று சுழி ணகரம்தான். அடுத்தது ஞகரம். மையைக் குறைத்தால் மற்ற எழுத்தெல்லாம் வெளிறிப் போகும். ஓட்டி முடித்த எழுத்தை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவோம். புதிதாக வந்த பையன்கள் சுழிக்குள் காய்ந்த மையைக் குண்டூசியால் நோண்டுவார்கள். மேஸ்திரி தலையில் குட்டுவார். ஈயம் கீறிவிட்டால் அந்த எழுத்து அவ்வளவுதான்.

ஈய எழுத்தைப் பிரித்துப் போட்டு வைக்கும் பெட்டிக்குக் கேஸ் என்று பெயர். ஆங்கில கேஸைவிடத் தமிழ் கேஸில் அறைகள் மிக அதிகம். கு ஒரு அறை, கூ ஒரு அறை, ணு ஒன்று, ணூ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கை போகிற அளவுக்குப் பழக ஒரு வருடம் ஆனது.

1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை நான்கும் சேர்த்து 13 எழுத்துகளின் பழைய வடிவம் போயிற்று. தும்பிக்கை தூக்கின மாதிரி இருக்குமே பழைய லை, அதுதான். ஈரோட்டுக்காரர்களான எங்களுக்கு அது புதிது கிடையாது. பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ பத்திரிகையில் அப்படி அச்சடித்துக் காட்டியவர். ஆனால் ஆணை வந்த பிறகுதான் எங்கள் கேஸிலிருந்து அந்த ஈயத்தை எடுத்து உருக்கப் போட்டோம். பதினெட்டு வயதில் அதை நான் ஒரு வேலையாகத்தான் பார்த்தேன். இப்போது யோசித்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து வைத்திருக்கலாமே என்று இருக்கிறது.

படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கைதான் படிப்பு. காலேஜில் கையைப் பழக்குவார்களா என்று விசாரித்துக்கொண்டு போ.

பொள்ளாச்சிக்காரி (செவ்வாய், பிற்பகல் 1.40)

நூலெழுத்து, நான் ரெடிங்கில் எழுத்துரு வடிவமைப்பு எம்.ஏ. முடித்தவள். இப்போது பெங்களூரில் இதே வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படிப்பு ஒரு வருடம். சொந்தமாக ஒரு எழுத்துருக் குடும்பத்தை வரைந்து முடிக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரை ஒன்றும் எழுத வேண்டும். அந்தத் துறையில் லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கென்றே ஒரு சேகரிப்பு இருக்கிறது. லினோடைப் என்ற அச்சு எந்திர நிறுவனத்தின் பழைய எழுத்து வரைபடங்கள் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். இந்திய எழுத்துகளுக்காக உழைத்த ஃபியோனா ராஸ் அங்கே கற்பித்தவர். 1978 முதல் 1989 வரை லினோடைப்பில் வேலை பார்த்தவர் அவர். ஒரு வங்க எழுத்தின் வளைவைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் நம் எழுத்தை நாம் எவ்வளவு அசட்டையாகப் பார்த்திருக்கிறோம் என்று உறைக்கும்.

கோவை_கோடர் சொன்ன எந்திரப் பக்கம் முழுக்கச் சரி. ஆனால் அந்த 36 வடிவத்தையும் வரைந்து முடித்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். ‘ரு’வின் வளைவு எவ்வளவு கீழே இறங்கலாம்? இறக்கினால் வரிகளுக்கு நடுவே இடம் கூட்ட வேண்டும், புத்தகத்தில் பக்கம் ஏறும். ஏற்றினால் வளைவு நசுங்கும். ரகரமும் துணைக்காலும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது எப்படிப் பிரித்துக் காட்டுவது? ஔகாரத்தில் வருகிற அந்தச் சின்ன உறுப்பை ளகரம் என்று யாரும் வாசித்துவிடாதபடி எவ்வளவு சிறிதாக்கலாம்? நான் வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோரும் சுற்றி நிற்பார்கள். ஏன் இப்படி என்று கேட்பார்கள். எனக்கு இப்படித்தான் பிடிக்கிறது என்று சொன்னால் அது பதிலாகாது. முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறையாவது அழுதிருக்கிறேன். நான்காவது மாதம் பதில் சொல்லத் தெரிந்தது. அந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரியது அதுதான்.

கேட்டமரான் என்ற எழுத்துரு கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, பாருங்கள். ப்ரியா ரவிச்சந்திரன் வரைந்தது, தமிழும் லத்தீனும் ஒன்பது எடைகளில், அதாவது ஒன்பது தடிமன்களில், சேர்ந்தே வரும். நம் கட்டுமரம்தான் அந்தப் பெயர். மிக மெலிதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒரே ‘ண’வை ஒன்பது தடவை அடித்து வரிசையாக வைத்துப் பாருங்கள். தடிக்கத் தடிக்கச் சுழிகளுக்குள் வெளியை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார் என்று தெரியும். உங்கள் தறியில் நீங்கள் பட்ட பாடுதான் அது.

ஹேக் நகரத்து அரச கலைக் கழகத்தில் ‘டைப் அண்ட் மீடியா’ என்ற படிப்பும் ஒரு வருடம்தான். வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் எடுப்பார்கள். கெரிட் நோர்ட்ஸே என்பவர் பேனா முனையின் அசைவிலிருந்து எழுத்தை விளக்கிய மரபு அங்கே உண்டு. பேனாவும் பிடிக்க வேண்டும், பைதான் என்ற நிரல் மொழியும் எழுத வேண்டும். பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசமின் தம்பி யூஸ்ட் எழுத்துரு வடிவமைப்பாளர், அதே கலைக் கழகத்தில் படித்தவர். கோடருக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 30 லட்சத்தைத் தாண்டும். செவனிங் என்ற பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை ஒரு வருட முதுநிலைக்கு முழுச் செலவையும் ஏற்கும். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களுக்கு மூன்று இருக்கிறது. படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போட்டி கடுமை. கிடைக்காவிட்டால் ரெடிங்கிலேயே கோடையில் டி.டி.ஐ. என்ற குறுகிய பயிற்சி நடத்துகிறார்கள்.

பெருந்துறைக்காரர் (செவ்வாய், மாலை 5.05)

எழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாதுங்க, கடனைப் பற்றித் தெரியும். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியவன். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். அதற்கு மேலே போனால் பத்திரம் கேட்பார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி அந்த நாளெல்லாம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். முப்பது லட்சம் என்றால் வீட்டுப் பத்திரம்தான் போகும். உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள் அம்மணி. நம் வீடுகளில் பெண் பிள்ளை படிப்புக்குப் பத்திரம் வைக்கத் தயங்குவார்கள், பையனுக்கு வைப்பார்கள். நான் இரண்டு பேருக்கும் வைத்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

விஸ்காம்_வாத்தியார், கோவை (செவ்வாய், இரவு 9.30)

உள்நாட்டு வழியை யாரும் சொல்லவில்லையே. மும்பை ஐ.ஐ.டி.யில் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புப் பள்ளி 1969லிருந்து இருக்கிறது. அங்கே எம்.டெஸ். என்ற முதுநிலைப் படிப்பில் தகவல்தொடர்பு வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்து எழுத்துருவைத் திட்டப் பணியாக எடுக்கலாம். நுழைய சீட் (CEED) என்ற தேர்வு எழுத வேண்டும், ஜனவரியில் வரும். மூன்று வருடப் பட்டம் போதும், வயது வரம்பு கிடையாது. விண்டோஸில் எல்லோரும் பார்த்திருக்கும் மங்கள் தேவநாகரி எழுத்துருவை வடிவமைத்த ஆர்.கே. ஜோஷி அங்கே கற்பித்தவர். 2008லிருந்து டைப்போகிராஃபி டே என்ற கருத்தரங்கை நடத்தி வருவதும் அந்தப் பள்ளிதான். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யில் எம்.டெஸ். வரைகலை வடிவமைப்பு இருக்கிறது, அதற்குத் தனித் தேர்வு. இங்கிலாந்துச் செலவோடு ஒப்பிட்டால் இரண்டுமே வெகு குறைவு.

நம் பக்கத்து விஸ்காம் வகுப்பில் டைப்போகிராஃபி எந்த அளவு வருகிறது என்று உங்களுக்கே தெரியும். நான் நடத்துவது ஒரு பருவத்தில் ஒரு தாள். அதிலும் பாடநூல் உதாரணம் எல்லாம் ஹெல்வெடிகா, கேரமண்ட் என்ற ஆங்கில எழுத்துருக்கள்தான். பதினைந்து வருடமாக இதை நடத்துகிறேன். தமிழ் எழுத்தின் உறுப்புகளுக்கு வகுப்பில் சொல்லத் தமிழில் பெயர் தேடினால் கொம்பு, கால், சுழி, புள்ளி என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னதுதான் கைக்கு வருகிறது. அவை நல்ல பெயர்கள். அவற்றை வைத்தே இப்போது நடத்துகிறேன்.

என்ன காட்டுவது என்று கேட்டீர்கள். அந்த லேபிளைக் காட்டுங்கள். அடைத்துப் போன முதல் மாதிரி, கட்டம் போட்ட நோட்டு, இரண்டாவது மாதிரி. மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பெரிதாகப் படம் எடுங்கள். அழகான போஸ்டர் எல்லோரிடமும் இருக்கும். ஒரு எழுத்து ஏன் தோற்றது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த கதை எத்தனை விண்ணப்பத்தில் வரும்? முதல் மாதிரியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நூலெழுத்து (புதன், இரவு 11.10)

முதல் மாதிரி பத்திரமாக இருக்கிறது சார். மறக்கக் கூடாது என்று நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கோடர் அண்ணா சொன்னபடி ஃபாண்ட்ஃபோர்ஜ் இறக்கி இரண்டு இரவாக உட்கார்ந்தேன். அ, க, ண, ழ, ம ஐந்தும் வரைந்தேன். எங்கோ தப்பு நடந்திருக்கிறது. ஆங்கில ‘என்’, ‘ஓ’ இரண்டையும் முதலில் வரைந்து, அதே தடிமன் விதியில் தமிழையும் வரைந்தேன். செங்குத்துக் கோடு தடிப்பு, மேல் கீழ் வளைவு மெலிவு. இரண்டும் ஒரே குடும்பம் போலத்தான் தெரிகிறது. ஆனால் வாசித்தால் வெள்ளைக்காரர் தமிழ் பேசுவது போல இருக்கிறது. ‘ழ’வின் கீழ் வளைவு வலுவே இல்லாமல் தொங்குகிறது. இது என் கைக் குறையா, விதியே தப்பா?

கல்வெட்டுப்_பித்தன், சென்னிமலை (வியாழன், காலை 7.45)

விதியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தடிப்பு மெலிவு விதி அகன்ற முனைப் பேனாவிலிருந்து வந்தது. நம் எழுத்து அந்தப் பேனாவில் வளரவில்லை. கல்லிலும் பானையிலும் ஓலையிலும் வளர்ந்தது. எழுத்தாணி கீறுகிற கோடு மேலே போனாலும் கீழே வந்தாலும் ஒரே தடிமன்தான். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால் நீட்டிக் கோடு இழுத்தால் கிழியும், ஆகவே வளைத்தார்கள். ஓலையில் புள்ளி கூட வைக்காமல் விட்டுவிடுவார்கள், வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நாம் இன்றைக்குப் பார்க்கும் வேறுபாட்டைக் கொண்டுவந்ததாக வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அவர் 18ஆம் நூற்றாண்டு.

உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் பெரிய பாடம் இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்களை நம் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் கீறி வைத்திருக்கிறார்கள். ஓடு சொரசொரப்பு. கை அழுத்திக் கீறியது கோட்டிலேயே தெரியும். அடுத்தது அறச்சலூர், ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற வழி. நாகமலைக் குகையில் ‘த தை தா’ என்று இசைச் சொற்களை ஐந்துக்கு ஐந்து கட்டமாக வெட்டியிருக்கிறார்கள். இடமிருந்து வாசித்தாலும் மேலிருந்து வாசித்தாலும் ஒன்றுபோல வரும். பிராமி வட்டெழுத்தாக வளையத் தொடங்கும் கட்டத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம். எழுதியவன் பெயரும் இருக்கிறது, மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். தன்னை ‘எழுத்துப் புணருத்தான்’ என்று சொல்லிக்கொள்கிறான். எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவன். உங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பொள்ளாச்சிக்காரி (வியாழன், பிற்பகல் 2.20)

பித்தன் ஐயா சொன்னதற்கு நன்றி. ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கிறேன். ஓலையில் ஒரே தடிமன் என்பதற்காகத் தமிழ் எழுத்துரு எப்போதும் ஒரே தடிமனில்தான் இருக்க வேண்டும் என்று ஆகாது. 1578ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான நாளிலிருந்து ஈயம் வெட்டியவர்களின் கையும் நம் எழுத்தில் கலந்திருக்கிறது. நல்ல புத்தக எழுத்துகளில் தடிப்பும் மெலிவும் இருந்தன, வாசகர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள். எங்கே தடிக்க வேண்டும் என்பதைத்தான் தமிழிலிருந்தே முடிவு செய்ய வேண்டும். நூலெழுத்து, ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு முதலில் தமிழை மட்டும் வரையுங்கள். ‘ழ’வின் கீழ் வளைவு அந்த எழுத்தையே தாங்குகிற இடம், அதை மெலிய விட்டால் தொங்கத்தான் செய்யும். அங்கே எடையைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ் நின்ற பிறகு ஆங்கிலத்தை அதற்கு இணங்க வரையலாம்.

அப்புறம் உங்கள் லேபிள். மேத்யூ கார்ட்டர் 1978ல் அமெரிக்கத் தொலைபேசி டைரக்டரிக்காக பெல் சென்டெனியல் என்ற எழுத்துருவை முடித்தார். மட்டமான தாள், மிகச் சிறிய எழுத்து, வேகமான அச்சு. கோடுகள் சந்திக்கும் மூலைகளில் மை தேங்கி அடைத்துக்கொண்டது. அவர் அந்த மூலைகளை முன்கூட்டியே வெட்டி விட்டார். பெரிதாகப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும், அச்சில் மை பரவி அந்த வெட்டை நிரப்பியதும் எழுத்து சரியாக நிற்கும். நீங்கள் முதல் சுழியைத் திறந்து விட்டீர்களே, அதே யோசனை. யாரும் சொல்லித்தராமல் வந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுக்கலாம். தறியில், ஈயத்தில், சின்னத் திரையில் தமிழ்ச் சுழிகள் எங்கே அடைகின்றன என்று.

ஈயக்காலம் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் ரெடிங்கில் அந்த வரைபடத் தட்டுகளைப் புரட்டியபோது நம் ஊர் அச்சகங்களின் எழுத்தெல்லாம் எங்கே போயிற்று என்றுதான் யோசித்தேன். உங்கள் கேஸ்கள் என்ன ஆயின?

கோவை_கோடர் (வியாழன், மாலை 6.50)

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். போக வேண்டிய தேவை இல்லை என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நான் வரைந்த ஒரு எழுத்துரு மூன்று வருடமாக இணையத்தில் கிடக்கிறது. ‘ர’வும் காலும் குழம்புகின்றன என்று ஒருவர் எழுதினார், எழுத்துப் பிழை இல்லையே என்று நான் அந்தப் புகாரை மூடிவிட்டேன். இன்றைக்கு அதைத் திறந்து ‘தாராபுரம்’ என்று அடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சுவரில் ஒட்டி வைத்து ஏன் என்று கேட்க எனக்கு ஆள் இருந்ததில்லை.

நூலெழுத்து, உங்கள் கோப்பைக் கொடுத்தால் புள்ளி வைக்கும் இடங்களுக்கான விதிகளை நான் எழுதித் தருகிறேன். க்-குக்கும் ட்-டுக்கும் புள்ளி ஒரே உயரத்தில் உட்கார்ந்தாலும் ஒரே இடத்தில் உட்காராது. அந்த வேலை எனக்குத் தெரியும்.

ஈயக்காலம், ஈரோடு (வியாழன், இரவு 8.15)

பொள்ளாச்சி அம்மணி கேட்டதற்குப் பதில். ஆப்செட் வந்து, அப்புறம் டி.டி.பி. வந்தது. முதலாளி காலமான பிறகு கேஸ் எல்லாவற்றையும் பழைய ஈய விலைக்கு எடை போட்டு எடுத்துப் போனார்கள். மூட்டை கட்டித் தூக்கிப் போட்டபோது எழுத்துகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாம் போகவில்லை. பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து, ஒரு காலி நிறைய, என் வீட்டுப் பரணில் இருக்கிறது. கோத்த எழுத்தை வைக்கும் தட்டுக்குத்தான் காலி என்று பெயர். மாதிரிப் பிரதி எடுக்கும் சின்ன புரூஃப் பிரஸ் ஒன்றும் இருக்கிறது, ரோலர் மட்டும் காய்ந்திருக்கும். பத்து வருடமாகத் திறக்கவில்லை.

நூலெழுத்து (வெள்ளி, இரவு 10.40)

ஐயா, அதைப் பார்க்க வரலாமா?

இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அறச்சலூர் ஆள் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த இடம் வந்தபோது இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். “நாங்களும் பஸ்ஸில் கீழே மூலையில் சின்னதாகப் பேர் போடுவோம்” என்றார். அப்புறம் பழைய தினசரி ஒன்றை விரித்து, நூலுக்குச் சாக்பீஸ் தடவி இரண்டு கோடு அடித்து, பிரஷ் இல்லாததால் என் வாட்டர் கலர் பிரஷ்ஷை வாங்கி ஒரு ‘ண’ எழுதினார். முதல் சுழியை மூடவில்லை. ஏன் என்று கேட்டேன். “ஓடுகிற வண்டியில் மூடின சுழி பொட்டு மாதிரித்தான் தெரியும், பல்லடம் பல்லடமாகத் தெரியும், காங்கேயம் தெரியாது, மண்ணரை சுத்தமாகத் தெரியாது” என்றார். நான் மூன்று இரவு கட்டம் எண்ணிக் கண்டுபிடித்ததை அவர் இருபது வருடமாகச் செய்துகொண்டு இருந்திருக்கிறார். அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டேன். விண்ணப்பத்தில் லேபிள் மாதிரிகளுக்குப் பக்கத்தில் அதையும் வைக்கப் போகிறேன்.

பணக் கணக்கையும் பெருந்துறை ஐயா சொன்னபடி காகிதத்தில் போட்டோம். பத்திரம் வேண்டாம் என்று முடிவு. இந்த ஜனவரியில் சீட் தேர்வு எழுதுகிறேன். செவனிங்குக்கும் விண்ணப்பிக்கிறேன். எது கிடைத்தாலும் அதற்குள் புத்தக அளவுக்கு ஒரே ஒரு எடையில் தமிழை மட்டும் வரைந்து முடிக்க வேண்டும். ஐந்து எழுத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப ‘ழ’விலிருந்து தொடங்கியிருக்கிறேன், கீழ் வளைவுக்கு எடை கொடுத்து. இப்போது தொங்கவில்லை. கோடர் அண்ணா, முதல் முப்பது எழுத்து வந்ததும் கோப்பு அனுப்புகிறேன்.

ஈயக்காலம், ஈரோடு (சனி, காலை 5.55)

கேட்கவே வேண்டாம் அம்மணி, ஞாயிறு காலையில் வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அவர் நூலடிக்கிறவர் என்றால் என்னோடு பேச விஷயம் இருக்கும்.

மண்ணெண்ணெய் இப்போது கிடைப்பது கஷ்டம், அரை லிட்டர் கிடைத்தால் வாங்கி வா. கிடைக்காவிட்டால் டர்பன்டைன் போதும். மெல்லிய தாள் கொஞ்சம், நியூஸ்பிரிண்ட் கொஞ்சம். பழைய பல் பிரஷ் இரண்டு. நேற்று ராத்திரி பரணில் ஏறிப் பார்த்தேன். காலியின் ஒரு ஓரத்தில் கயிறு அவிழாமல் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்ததில் பழைய லை ஒன்று அதில் நிற்கிறது. எப்படி உருக்காமல் விட்டோம் என்று தெரியவில்லை. குண்டூசி மட்டும் கொண்டு வராதே.